உடலே சுரக்கும் வலி மருந்து: மருத்துவத் துறையினர் நால்வர் நேரில் கண்டவை

மருந்தியல் ஆசிரியர்:

மாணவனாக இருந்த காலத்தில், கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு ஒன்றை ஆக்சிஜன் குமிழியிடும் வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, அது சுருங்கும்போதெல்லாம் கரிப்புகை படிந்த தாளில் நெம்புகோலின் முனை வெள்ளைக் கோடு கீறுவதைப் பார்த்திருக்கிறேன். மின்தூண்டலுக்குத் தவறாமல் சுருங்கிக்கொண்டிருந்த குடல், அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினின் சொட்டுகள் விழுந்ததும் தளர்ந்தது; கோடுகள் குட்டையாகின. மார்ஃபினை முறிக்கும் மருந்தான நாலாக்சோனைச் சேர்த்ததும் அவை பழைய உயரத்துக்குத் திரும்பின. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் இதே வகைச் சோதனையைக் கொண்டுதான் 1975இல் பெரிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்கள். மார்ஃபின் வந்து பிணைகின்ற ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973இலேயே தெரிந்துவிட்டது. எங்கோ விளையும் அபினிச் செடியின் பாலுக்காக நம் மூளை ஏற்பியை வைத்துக் காத்திருக்குமா என்ற கேள்விக்கு, பன்றி மூளையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த சாறு விடையளித்தது. மார்ஃபினைப் போலவே அந்தச் சாறும் குடலின் சுருக்கத்தைத் தணித்தது. நாலாக்சோன் அதையும் முறித்தது. அதிலிருந்த, மூளையே சுரக்கும் பொருளுக்கு என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். அது ஐந்தே அமினோ அமிலங்களால் ஆன பெப்டைடு, அதாவது சிறு புரதத் துணுக்கு. இரண்டு வகை உண்டு, கடைசி அமிலத்தில் மட்டுமே வேறுபாடு. உடலே சுரக்கும் இதே வகைப் பொருள்களாகப் பிறகு கண்டறியப்பட்ட, 31 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா எண்டார்ஃபினும், டைனார்ஃபினும் என்கெஃபலினும் தனித்தனி மரபணுக்களிலிருந்து வந்தாலும், மூன்றின் தலைப்பகுதியிலும் டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின் என்ற அதே நான்கு அமிலங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. இதைக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு ஏற்படுகிறது.

செவிலியர், அறுவைப் பின்கவனிப்புப் பிரிவு:

ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட நாலாக்சோனை நான் நோயாளியின் படுக்கையருகே அறிந்தேன். வயிற்றில் அறுவை முடிந்து மார்ஃபின் பெற்றிருந்த ஒருவருக்கு மூச்சு மிகவும் மந்தமாகி, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மயக்க மருத்துவர் நாலாக்சோனைச் சிறிது சிறிதாக இரத்தக் குழாயில் செலுத்தினார். மூச்சு சீரானது, கண் திறந்தது, உடனே அவருடைய கை வயிற்றுக் கட்டின் மேல் போயிற்று. முழு அளவையும் ஒரேயடியாகக் கொடுத்தால் அடங்கியிருந்த வலி மொத்தமும் ஒரு நொடியில் திரும்பிவிடும் என்பதால்தான் அந்த நிதானம். மார்ஃபினைவிட முன்னதாகவே நாலாக்சோனின் வேகம் தணிந்துவிடும். ஆகவே மூச்சு சீரான பிறகும் அவரை விட்டு நகர முடியவில்லை.

வெளியிலிருந்து கொடுத்த மார்ஃபினை மட்டுமல்ல, உடலே சுரக்கும் வலி மருந்தையும் இந்த மருந்து முறிக்கிறது. 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் நடத்திய ஆய்வில், மருந்தே இல்லாத ஊசியால் வலி குறைந்ததாகச் சொன்னவர்களுக்கு நாலாக்சோன் கொடுத்தபோது வலி கூடியது. அதாவது, நிவாரணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே நடுமூளையைத் தூண்டி, அங்கிருந்து மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடம் வரை இறங்கும் நரம்புப் பாதையை இயக்குகிறது. தண்டுவடத்தில் என்கெஃபலின், வலிச் செய்தி கொண்டுவரும் நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் வாயில்களை அடைத்து, செய்தி மேலே ஏறாமல் தடுக்கிறது. "எல்லாம் மனப்பிரமை" என்று நோயாளியிடம் சொல்பவர்களுக்கு இந்த ஆய்வை நான் தவறாமல் எடுத்துச் சொல்கிறேன்.

அவசர ஊர்திப் பணியாளர்:

செவிலியர் அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இருசக்கர வாகன விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்த நிலையிலும் தம் செல்பேசியைத் தேடித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தவரை ஏற்றிச் சென்றிருக்கிறோம். மருத்துவமனை வாசலை எட்டிய பிறகே அவர் அலறத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் ஆன்சியோ களத்தில் படுகாயமுற்ற வீரர்கள் பலர் மார்ஃபின் வேண்டாம் என்றதை ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். இத்தகைய நேரங்களில் எண்டார்ஃபின்களோடு, நெருக்கடி நேரத்தில் உடல் சுரக்கும் நார்அட்ரினலின் போன்றவையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. வலி இல்லை என்று அடிபட்டவர் சொன்னாலும் கட்டை வைத்துக் கட்டாமல் காலை அசைக்க விடாதீர்கள்.

மருந்தாளுநர்:

குடலிலும் என்கெஃபலின் சுரக்கிறது என்பதை என் கடை மேசையிலேயே காண்கிறேன். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மருத்துவர்கள் எழுதும் ரேசகாடோட்ரில் பொடி, என்கெஃபலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதனால் குடலில் உடலின் சொந்தச் சரக்கே சற்று நேரம் கூடுதலாகத் தங்கி, நீரும் உப்பும் வெளியேறுவதைக் குறைக்கிறது. லோபெரமைடு அப்படியல்ல, அது மார்ஃபின் ஏற்பிகளிலேயே நேரடியாகப் பிணைந்து குடலின் அசைவை மந்தமாக்கும், ஆகவே சிறு குழந்தைகளுக்கு அது ஆகாது. பொடி வாங்க வரும் தாய்மார்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: போக்கு குறைந்தாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலை நிறுத்திவிடாதீர்கள்; இழந்த நீரை ஈடுகட்டுவது அதுவே.