மறு: மணல்வெளியில் கண்ட தரைப்பூச்சி – பெயர் வேண்டும்

> காட்டுப்பள்ளிப் பக்கம் அடும்புக்கொடிக்கு அடியில் எடுத்த படம். பழுப்பு நிறம், அரிசியைவிடச் சிறியது, தொட்டால் மணலுக்குள் ஓடுகிறது. 'தரைவண்டு' என்று எழுதலாமா அண்ணா?

வணக்கம் தம்பி,

'தரைவண்டு' வேண்டாம். வண்டின் முன்சிறகு முழுக்கக் கெட்டியானது. இரண்டும் முதுகில் நேர்க்கோடாகச் சேரும். உங்கள் படத்தில் சிறகின் முன்பகுதிதான் தடிப்பு, நுனி மெல்லிய சவ்வு, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் உறிஞ்சுகுழலும் தெரியும்.

'தரைமூட்டை' என்றும் ஒரு யோசனை வந்தது. மூட்டை என்றாலே எண்ணூரில் எல்லாருக்கும் கட்டில்தான் ஞாபகம் வரும். உதிர்ந்த விதையை உறிஞ்சிப் பிழைக்கும் பூச்சிமேல் ரத்தம் குடிக்கும் பழி ஏன்? மீஞ்சூர்ப் பக்கம் நெல் போடுகிறவர்களிடம் கதிர் நாவாய்ப்பூச்சி என்றால் உடனே புரியும். அந்தச் சொல்லையே நீட்டி 'தரை நாவாய்ப்பூச்சி' என்போம். 'நாவாய்' என்று மட்டும் சுருக்க வேண்டாம், துறைமுகத்து ஊரில் அது கப்பல்!

'விதை நாவாய்ப்பூச்சி' பொதுப்பெயராக நிற்காது. இந்த வகைப் பூச்சிகள் லைகேயிடே என்று ஒரே குடும்பமாக இருந்ததை 1997-இல் பூச்சியியலாளர் தாமஸ் ஹென்றி பல குடும்பங்களாகப் பிரித்தார். அதிலிருந்து தனிக் குடும்பமான ஜியோகோரிடேயில் பல இனங்கள் சிறு பூச்சிகளை வேட்டையாடுபவை. தரையில் திரிவது மட்டும் இவற்றில் பலவற்றுக்கும் பொது.

இனப்பெயருக்கு மேலிருந்து எடுத்த படம் போதாது. முன்னங்கால் தொடை பருத்து முள்ளோடு இருக்கிறதா? வயிற்றின் நான்காம், ஐந்தாம் கண்டங்களுக்கு நடுவிலுள்ள கோடு முன்னோக்கி வளைந்து, ஓரத்தைத் தொடாமல் நிற்கிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் ரைபரோக்ரோமிடே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஐரோப்பாவில் ட்ரபெசோனோட்டஸ் அரினேரியஸ் என்று ஓர் இனம் உண்டு, 1758-இல் லின்னேயஸ் விவரித்தது. 'அரினேரியஸ்' என்றால் மணலுக்குரியது. மணலில் கிடைத்தது என்பதற்காக அந்தப் பெயரை நம் பூச்சிக்கு ஒட்டிவிடாதீர்கள். 'மணல்' என்ற அடைமொழியையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஓரிடத்தில் பார்த்ததை வைத்து வாழிடம் சொல்ல முடியாது. ராவணன் மீசைப் புல் அடியிலும், உள்ளே தள்ளிச் செம்மண் தரையிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

—

சரி அண்ணா. தொடை பருத்துத்தான் இருக்கிறது, முள்ளும் தெரிகிறது. வயிற்றுக் கோட்டுக்கு லென்ஸ் வேண்டும். அதுவரை படத்தின் கீழே 'தரை நாவாய்ப்பூச்சி, இனம் உறுதியாகவில்லை' என்று போடுகிறேன். ஜியோகோரிடேக்கு 'பெருங்கண் நாவாய்ப்பூச்சி' என்றால் ஒத்துவருமா? அதன் கண் தலைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதே.