நடுராத்திரிக்கு 2400 என்று எழுதலாமா? பட்டாளத்துக் கடிதம் பற்றி ஒரு சண்டை

குடியாத்தம் ஹவில்தார்:
நேற்று சித்தூர் ரோடு தம்பி இங்கே எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. "பட்டாளத்துக்காரன் எழுதிய கடிதத்தைப் படிக்க இன்னொரு பட்டாளத்துக்காரன் வேண்டும், நடுராத்திரியைக்கூட 2400 என்று எழுதத் தெரியாமல் 2359 என்று எழுதுகிற ஆட்கள்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, யூனிட் ஆபீசில் 14 வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். தெரியாமல் எழுதவில்லை, தெரிந்துதான் எழுதுகிறோம். 14ஆம் தேதி 2400 என்றாலும் 15ஆம் தேதி 0000 என்றாலும் ஒரே நொடிதான், ஆனால் தேதி இரண்டு. படிக்கிறவன் எந்த ராத்திரி என்று குழம்புவான். 2359 என்றோ 0001 என்றோ போட்டால் அந்தப் பேச்சே இல்லை.

சித்தூர் ரோடு:
ஒரு நிமிடத்தைத் தொலைத்துவிட்டு அதற்குத் துல்லியம் என்று பெயர் வைக்கிறீர்களே, சபாஷ் சார். நான் கேட்டது கடிதம் புரிகிறதா என்று. எங்கள் அப்பாவுக்கு ஓய்வூதிய விஷயமாக வந்த ஒரு கடிதம் வீட்டில் இருக்கிறது. முதல் வரியில் 'உங்கள் கடித எண் இன்னது, நாள் இன்னது, காண்க', அடுத்த பத்தியில் இன்னொரு கடித எண், அப்புறம் அதற்கும் முந்தைய ஒரு சுற்றறிக்கை. நாலாவது பத்தியில்தான் விஷயமே வருகிறது: போட்டோ மூன்று காப்பி அனுப்பவும். அப்பா அதை மூன்று நாள் வைத்துப் படித்தார். அமெரிக்க ராணுவத்துக்கு 25-50 என்று கடித விதி ஒன்று இருக்கிறது. முக்கியமான விஷயத்தை முதலில் சொல், செய்வினையில் எழுது, வேகமாக ஒரே தடவை படித்தாலே புரிய வேண்டும் என்கிறது. போட்டோ கேட்பதை முதல் வரியில் கேட்டால் என்ன?

குடியாத்தம் ஹவில்தார்:
அது ஓய்வூதிய ஆபீஸ், யூனிட் இல்லை. 2400க்குப் பதில் சொல்லுங்கள்.

தமிழ் வாத்தியார்:
இருவரும் நேரத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 1854 அக்டோபர் 25, பாலக்லாவா போர். பிரிட்டிஷ் தளபதி மலைமேல் இருந்துகொண்டு குதிரைப்படைக்கு ஒரு சீட்டு அனுப்புகிறார். வேகமாக முன்னேறு, எதிரி பீரங்கிகளை எடுத்துப் போகாமல் தடு என்று அதில் இருந்தது. எந்தப் பீரங்கி என்று இல்லை. மேலே நின்றவருக்குத் தெரிந்த பீரங்கிகள் கீழே பள்ளத்தாக்கில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டதற்கு, சீட்டைக் கொண்டுவந்த அதிகாரி பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டினார். அறுநூற்றுச் சொச்சம் பேர் வேறு பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள், நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சீட்டைக் கொண்டுவந்தவரும் பிழைக்கவில்லை. சின்னச் சீட்டு, ஒரு சொல் குறைந்தது.

குடியாத்தம் ஹவில்தார்:
அருமை சார். அந்தச் சீட்டில் மணி போட்டிருந்ததா? 'உடனே' என்று மட்டும்தான் இருந்திருக்கும். நான் சொல்வதும் அதுதானே!

தமிழ் வாத்தியார்:
நான் சொன்னது இடத்தைப் பற்றி ஐயா.

பட்டாளத்து மகள்:
ஹவில்தார் அங்கிள் சொல்வது சரி. எங்கள் அப்பா ஒரு வருடம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது காட்பாடியில் ரயிலை விட்டார். டிக்கெட்டில் தேதி 17, நேரம் 00:20. 17ஆம் தேதி சாப்பிட்டுவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு ராத்திரி பதினொன்றுக்கே போய் உட்கார்ந்தோம். ரயில் முந்தின ராத்திரியே போய்விட்டது. நாங்கள் எல்லாரும் பிளாட்பாரத்திலேயே புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். ஆனால் அவருடைய லீவு பேப்பரில் எல்லாத் தேதியும் தெளிவாகத்தான் இருந்தது.

சித்தூர் ரோடு:
ரயில்வே எப்போது பட்டாளத்தில் சேர்ந்தது? சரி, நேரம்தான் வேண்டும் என்றால் இதையும் கேளுங்கள். தேதி, நேரம் எழுதும் உலகத் தரம் ஐஎஸ்ஓ 8601. அதில் 24:00ஐ 2019 பதிப்பில் எடுத்தார்கள், 2022 திருத்தத்தில் திரும்பச் சேர்த்தார்கள். ஆக 2400 உண்டு. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

குடியாத்தம் ஹவில்தார்:
எடுத்தார்களாம், சேர்த்தார்களாம். அவர்களுக்கே குழப்பம், எனக்கு முதல் நாளிலிருந்தே குழப்பம் இல்லை.
ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பரதராமிப் பக்கத்துப் பையன் ஒருவன், சிரசுக்கு லீவு கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பாட்டி உடம்பு, அம்மனுக்கு வேண்டுதல், வாங்கி விட்டிருக்கிற ஆடு, அண்ணன் வர முடியாத கதை எல்லாம் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பது மட்டும் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து நானே அதைப் புதிதாக டைப் அடித்தேன். 10 நாள் விடுப்பு வேண்டும், மே 10 முதல் 19 வரை. காரணம், ஊர்த் திருவிழா. விடுப்பில் இருக்கும் முகவரி இது. 20ஆம் தேதி 0600க்கு ஆஜர். நான்கு வரி. ஆடு போய்விட்டது என்று அவனுக்கு வருத்தம்தான், ஆனால் அன்று சாயந்திரமே கையெழுத்தாகிவிட்டது. இதில் '19 நள்ளிரவு வரை' என்று எழுதியிருந்தால்? 18 முடிகிற நள்ளிரவா, 19 முடிகிற நள்ளிரவா? ஒரு நாள் தாமதமாக வந்தால் ராணுவச் சட்டம் 1950, பிரிவு 39, அனுமதியில்லாமல் வராதது. பையன் மேல் குற்றம். ஒரு நிமிடம் தொலைந்தது என்று சிரிக்கிற தம்பிக்கு அது தெரியாது.

சித்தூர் ரோடு:
நீங்களே முதல் வரியில் '10 நாள் விடுப்பு வேண்டும்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே சார்!

குடியாத்தம் ஹவில்தார்:
நீங்கள் சொன்னது 2400.

தமிழ் வாத்தியார்:
'ஆஜர்' எதற்கு? பணிக்குத் திரும்புவேன் என்று எழுதினால் குறைந்தா போகும்?

சித்தூர் ரோடு:
வந்துவிட்டார். எங்கள் பாட்டி கடிதத்தை 'உத்தரம்' என்பாள் வாத்தியாரே, தெலுங்கு. தமிழில் உத்தரம் என்றால் பதில். "உத்தரம் வந்துச்சா" என்று அவள் கேட்டால், கடிதம் வந்ததா, பதில் வந்ததா என்று வீட்டில் தினம் ஒரு சண்டை. ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரனுக்குத் தூய தமிழ் வகுப்பு எடுக்காதீர்கள்.

பேட்டைக்காரன்:
கம்மவான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் எது என்று வேலூர் மாவட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அப்புறம் குடியாத்தத்துக்காரர் பாடம் நடத்தலாம். கிளார்க் வேறு, எல்லையில் நின்றவன் வேறு. எங்களுக்குக் கடிதம் என்றால் வீட்டிலிருந்து வருவதுதான். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் ஆபீஸ், அவ்வளவுதான் முகவரி. அதில் நம்பரை ஒரு இலக்கம் தப்பாகப் போட்டால் ஒரு மாதம் சுற்றும். அதையெல்லாம் விட்டுவிட்டு 2359ஆம்.

குடியாத்தம் ஹவில்தார்:
கிளார்க்கும் ரெக்ரூட்டாக ஓடி, துப்பாக்கி சுட்டு, அப்புறம்தான் நாற்காலிக்கு வந்தான். வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள்.

பேட்டைக்காரன்:
நாற்காலிக்கு வந்ததும் ஓடியதை மறந்துவிட்டான். எனக்கு ஒரு கிளார்க் இருந்தார், லீவு மனுவை மூன்று தடவை திருப்பினார். மார்ஜின் சரியில்லை என்றார், பத்தி எண் இல்லை என்றார், மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை. தெளிவான கடிதம் என்று இன்று இங்கே வந்து பேசுகிறீர்கள்.

பட்டாளத்து மகள்:
அங்கிள், அவர் உங்களைச் சொல்லவில்லை.

குடியாத்தம் ஹவில்தார்:
யாரைச் சொன்னாலும் ஒன்றுதான் அம்மா. மூன்றாவது தடவை காரணம் சொல்லவில்லையா? நேரத்தில் 2400 என்று போட்டிருப்பார், அதான் திருப்பியிருப்பார்கள்.

பேட்டைக்காரன்:
அது தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்ட லீவு. முகூர்த்தம் காலை ஏழரை. அதில் எங்கே ஐயா வந்தது 2400?