மனநல வார்டில் அடிதடி: ஆவேசத்துக்கு முன்னால் நடந்தது என்ன?

இளவேனில்:
மனநல வார்டுகளில் நடக்கும் தாக்குதல்களை ‘நோயின் வேகம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வீட்டாரிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று செவிலியர் அறையின் கண்ணாடியைத் தட்டுபவரிடம், பதிவேட்டிலிருந்து தலைநிமிராமலே “அப்புறம் வாருங்கள்” என்கிறோம். மூன்றாம் முறை தட்டும்போது கண்ணாடி உடைகிறது. அதே பதிவேட்டில் “காரணமின்றி ஆவேசமடைந்தார்” என்று எழுதுகிறோம். மறுப்பையும் கெட்ட செய்தியையும் சொல்லும் விதத்தை மாற்றச் சொல்கிறது மனநலச் செவிலியல் ஆய்வாளர் லென் போவர்ஸ் வகுத்த ‘சேஃப்வார்ட்ஸ்’ முறை. இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. அதன்படி பூசல்கள் 15 விழுக்காடும், பிடித்து அமுக்குதல், தனியறையில் அடைத்தல் போன்ற நடவடிக்கைகள் 26.4 விழுக்காடும் குறைந்தன.

இரவுப்பணி:
இளவேனில் அவர்களே, அந்த ஆய்வில் ‘பூசல்’ என்பது அடிதடி மட்டுமன்று. மருந்தை மறுப்பது, விதியை மீறிப் புகைப்பது, சொல்லாமல் வெளியேறுவது எல்லாம் அதில் அடக்கம். படிவத்தை நிரப்பியவர்களும் அந்தந்த வார்டின் செவிலியர்களே. ஆகவே 15 விழுக்காட்டை ‘அடி குறைந்தது’ என்று வாசிப்பது பிழை. கட்டளையிடும் மாயக்குரல் கேட்டு என் தாடையில் குத்திய ஒருவரிடம் மென்சொல் எடுபடவில்லை. ஊசி போட்டுத் தனியறையில் வைத்ததால்தான் பக்கத்துப் படுக்கையிலிருந்த முதியவர் தப்பினார்.

மருதன்:
இடையில் ஒன்று. நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியல் குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருள்களைத் தாக்குதல் ஆகிய ஆறே அறிகுறிகளைக் கொண்டு அடுத்த 24 மணி நேரத்தின் ஆபத்தைக் கணிக்கிறது. நிரப்பச் சில நிமிடங்களே ஆகும்.

இளவேனில்:
பூசல் என்ற சொல்லைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். தனியறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் என்ன முயன்றோம் என்பதே கேள்வி. குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தினால் மூச்சு நின்று உயிரே போகலாம். 2010இல் ஓலசேனி லூயிஸ் என்ற இளைஞர் லண்டன் மனநல மருத்துவமனையில் காவலர்களால் அடக்கப்பட்டபின் இறந்தார். அதன் விளைவாக 2018இல் வந்த சட்டம், பலப்பிரயோகத்தைத் தவிர்க்க எடுத்த முயற்சியையும் பதிவுசெய்யச் சொல்கிறது. நம் பதிவேட்டில் அதற்கென ஒரு கட்டமாவது உண்டா? “அப்புறம்” என்பதற்குப் பதில் “ஏழு மணிக்கு நானே வந்து அழைக்கிறேன்” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

இரவுப்பணி:
சொல்ல நேரமாகாது. பட்டியலையும் நிரப்பிவிடலாம், மருதன். ஆனால் ஏழு மணிக்கு நான் மருந்து வண்டியோடு வார்டின் மறுகோடியில் நிற்பேன். உடன் பணியிலிருப்பவர் புதிதாகச் சேர்ந்த நோயாளியின் அருகே இருப்பார். கொடுத்த வாக்கு தவறினால், அந்த “அப்புறம்” என்பதைவிட மோசமாக வெடிக்கும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கட்டத்தைச் சேர்க்கிறேன், மணியையும் சொல்கிறேன். அந்த மணிக்குப் போய் நிற்க இன்னோர் ஆளை யார் தருவார்கள்?