புதுப்பிப்பு: இல்லினாய் புல்வெளியில் பார்த்த வல்லூறு எது?

ப்ரெய்ரி ரிட்ஜ் புல்வெளியில் குளிர்காலத்தில் பார்த்த வெளிறிய பழுப்பு வல்லூறு பெரிக்ரினா, ப்ரெய்ரி ஃபால்கனா என்று கலங்கலான படங்களோடு கேட்டிருந்தேன். இரண்டுமே வல்லூறு வகைகள். உதவிய எல்லாருக்கும் நன்றி. அது ப்ரெய்ரி ஃபால்கன்தான். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இ-பேர்ட் தளத்தில் அரிய பறவை என்று நிறுத்திவைத்திருந்த பதிவை இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கைகொடுத்தது "உட்கார்ந்திருக்கும் படத்தை விடுங்கள், பறக்கும்போது அக்குளைப் பாருங்கள்" என்ற யோசனை. வீடியோவிலிருந்து எடுத்த ஒரு ஃப்ரேமில், வெளிறிய இறக்கையின் அடியில் உடலை ஒட்டிக் கருந்திட்டு தெளிவாக இருந்தது. பெரிக்ரினுக்கு அது கிடையாது. கண்ணுக்குக் கீழே இறங்கும் மெல்லிய மீசைக்கோடும் கண்ணுக்குப் பின்னால் இருந்த வெள்ளையும் கூடுதல் சான்று. இ-பேர்ட் பதிவின் குறிப்பில் 'பெரிக்ரின் ஏன் இல்லை' என்று தனியாக எழுதினேன். படத்தை மெருகேற்றாமல் அப்படியே போட்டேன்.

எதிர்பாராதது: படங்கள் கலங்கியதற்கு லென்ஸ் காரணமில்லை. கார் ஹீட்டரின் சூடான காற்று ஜன்னல் வழியே வெளியேறி, குளிர்காற்றோடு கலந்து அலையடித்திருக்கிறது. ஹீட்டரை அணைத்துக் கொஞ்சம் பொறுத்ததும் படம் கூர்மையாகிவிட்டது. கை விறைத்தது, சரி, பரவாயில்லை.

அப்புறம், ப்ரெய்ரி ஃபால்கனைத் தேடுபவர்கள் ஹார்ன்டு லார்க் என்ற சிறு பறவைகளின் கூட்டங்களைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் அவைதான் அதன் முக்கிய இரை.