புதுப்பிப்பு: ரேடியேட்டர் ஃபேன் விவகாரம் முடிந்தது

போன மாதம் என் பழைய காரைப் பற்றி எழுதியது: மொரிஷியஸின் க்யூர்பிப்பிலிருந்து மோட்டார்வேயில் இறங்கும்வரை வெப்பமுள் அசையாது, போர்ட் லூயிஸ் நெரிசலில் நின்றதும் சிவப்புக் கோட்டைத் தொடும். தெர்மோஸ்டாட்தான் (கூலண்ட் எனும் குளிர்விப்புத் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) என்று அடம்பிடித்து அதை மாற்றினேன். பலனில்லை, காசு தண்டம்.

ஃபேனைச் சோதிக்கச் சொன்னவர்கள் சொன்னதே சரி. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது: ஏசி போட்டால் முள் இறங்கியது! என் பழைய வண்டியில் ஒரே ஃபேன். ஏசிக்குத் தனி வழியில் மின்சாரம் போவதால் அப்போது மட்டும் சுற்றியிருக்கிறது. அப்படியானால் ஃபேன் மோட்டார் நல்லது. வெயிலில் ஏசி என்ஜினுக்குச் சுமை என்று நானே அணைத்து வைத்திருந்தேன், பாருங்கள்.

அடுத்த சந்தேகம் ரேடியேட்டரின் அடிப்பக்கத்து வெப்ப சுவிட்ச், சூடேறினால் ஃபேனை ஓடவிடுவது அதுதான். அதன் கனெக்டரைக் கழற்றி இரு முனைகளையும் கம்பியால் இணைத்தேன். ஃபேன் உடனே சுற்றியது, ஆக ஃபியூஸும் நல்லது. சுவிட்ச் செத்திருந்தது.

புதியதைப் போட்ட மறுநாளும் முள் ஏறியது, வயிறு கலங்கிவிட்டது. சுவிட்சை மாற்றியதில் கூலண்ட் ஓடும் வழியில் காற்று அடைத்திருந்தது. என்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து ஓடவிட்டேன். குமிழிகள் அடங்கும்வரை கூலண்ட் ஊற்றினேன். (சூட்டில் மூடியைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.)

மூன்று வாரமாக நெரிசலிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. பழைய தெர்மோஸ்டாட் டிக்கியில் சும்மா கிடக்கிறது.