முதல் காதல் நாவல், ஒரே தொகை, மொத்த உரிமை: கையெழுத்துப் போடலாமா?

நிலாமுற்றம்
வணக்கம். இரண்டு வருஷமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு காதல் நாவல் எழுதி முடித்தேன். 92,000 சொற்கள். ஐந்து பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். மூன்று இடத்தில் பதிலே இல்லை. ஓர் இடத்தில் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் "போடுகிறோம்" என்றார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒப்பந்தம் வந்தது. ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, கிடையாது, ஒரே தொகை. மூன்று மாத வீட்டு வாடகைக்குச் சரியாக இருக்கும். நான்காவது பிரிவை அப்படியே தருகிறேன்:

"இப்படைப்பின் மீதான அனைத்து உரிமைகளையும், இன்று உள்ள மற்றும் இனி வரக்கூடிய எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், ஆசிரியர் நிரந்தரமாகப் பதிப்பாளருக்கு அளிக்கிறார்."

பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். போடவா, வேண்டாமா?

பழையபேனா
போடுங்கள் அம்மா. பதினெட்டு நாவல் எழுதியவன் சொல்கிறேன். என் முதல் நான்கும் இப்படித்தான் போயின. ஐந்தாவதுக்குத்தான் ராயல்டி என்று வாயைத் திறக்க முடிந்தது.

பெயர் தெரியாத ஒருவருடைய நாவலுக்குத் தாள், அச்சு, அட்டை, கிடங்கு எல்லாம் அவர்கள் கைக்காசு. விற்காமல் போனால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. விற்றால் அடுத்த நாவலை எடுத்துக்கொண்டு போகும்போது நாற்காலி போடுவார்கள். அலமாரியில் தூங்குகிற பிரதிக்குக் காப்புரிமை இருந்து என்ன, இல்லாமல் என்ன?

கறார்_கண்மணி
"இனி வரக்கூடிய எல்லா வடிவங்களிலும்" என்பதை இன்னொரு தடவை வாசியுங்கள் தோழி. அவர்களுக்கே தெரியாத ஒன்றை உங்களிடம் இன்றே வாங்கிக்கொள்கிறார்கள்.

நானும் முதல் நாவலை இப்படித்தான் கொடுத்தேன். அப்போது ஒலிநூல் என்று யாரும் பேசக்கூட இல்லை. பதினோரு வருஷம் கழித்து ஒரு செயலியில் என் நாவல் ஒலிக்கிறது என்று ஒரு வாசகர் சொன்னார். சந்தா கட்டி, என் கதையை நானே காசு கொடுத்துக் கேட்டேன். வாசித்தவர் நன்றாகத்தான் வாசித்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்! நாயகியின் தங்கைக்கு ஒரு தனி நாவல் எழுத ஆசைப்பட்டேன். பாத்திரங்களும் அவர்களுக்கே சொந்தம் என்று கடிதம் வந்தது.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் கதை தெரியுமா? 1811-இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' வந்தபோது அச்சுச் செலவு நஷ்டமானால் என் பொறுப்பு என்று தானே துணிந்து வெளியிட்டார். முதல் பதிப்பு தீர்ந்ததும் கையில் 140 பவுண்டு. அடுத்து 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்'. 150 கேட்டார், 110 பவுண்டுக்கு மொத்த உரிமையையும் கொடுத்துவிட்டார். அது 1813 ஜனவரியில் வந்து, அதே வருஷம் இரண்டாம் பதிப்பும் கண்டது. அவருக்கு அதில் ஒரு பென்னி கிடையாது.

பழையபேனா
பாதி வரலாறு சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அந்த அனுபவத்தால் சூடுபட்டவர் 1815-இல் என்ன செய்தார்? 'எம்மா'வோடு 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' என்ற முந்தைய இரண்டு நாவல்களின் உரிமைக்கும் சேர்த்துப் பதிப்பாளர் ஜான் மர்ரி 450 பவுண்டு தருகிறேன் என்றார். வேண்டாம் என்று மறுத்து, மறுபடியும் சொந்தப் பொறுப்பில் போட்டார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பு தேங்கிப்போய், அந்த நஷ்டத்தை 'எம்மா'வின் லாபத்தில் கழித்தார்கள். 1817-இல் அவர் இறக்கும்வரை 'எம்மா'வுக்கு அவர் கையில் வந்தது 40 பவுண்டுகூட இல்லை. 450 எங்கே, 40 எங்கே?

கறார்_கண்மணி
சரி, அவருக்கு 1797-இலேயே பிரதியைப் பார்க்காமலே மறுத்த பதிப்பாளர் ஒருவர் இருந்தார். 1803-இல் இன்னொருவர் ஒரு நாவலை 10 பவுண்டுக்கு வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அச்சிடவே இல்லை. 1816-இல் அதே 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. நிலாமுற்றம், உங்கள் ஒப்பந்தத்தில் "இத்தனை மாதத்துக்குள் வெளியிடுவோம்" என்று எங்காவது இருக்கிறதா?

நிலாமுற்றம்
தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

தனிவழி
இருநூறு வருஷத்துக்கு முந்தைய பவுண்டு கணக்கு எதற்கு? நாமே புத்தகம் வெளியிடுகிற அமேசானின் கேடிபி தளம் 2007-இலிருந்து இருக்கிறது. மின்னூலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70 சதவீதம் வரை உங்களுக்கு, அதற்குக் கீழோ மேலோ போனால் 35. காதல் நாவல் வாசகர்கள்தான் மின்னூலை முதலில் கொத்திக்கொண்டு போனவர்கள். பதிப்பகத்தின் வாசலில் ஏன் நிற்க வேண்டும்?

பழையபேனா
பூஜ்யத்தில் 70 சதவீதம் எவ்வளவு தம்பி?

தனிவழி
அவர்கள் கொடுக்கிற மூன்று மாத வாடகையைவிட அதிகம் சம்பாதித்தேன் சார். உடனே இல்லை, நான்காவது நாவலில். முதல் நாவலை வாங்கியவர்கள் என் சித்தி குடும்பம் மட்டும்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் நான்காவதை வாசித்தவர்கள் திரும்பிப் போய் முதல் மூன்றையும் வாசித்தார்கள். உரிமை என்னிடம் இருந்ததால் அந்தக் காசு எனக்கு வந்தது.

கறார்_கண்மணி
தனிவழி சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. தானே புதுப்பித்துக்கொள்ளும் என்ற கட்டத்தை எடுத்துவிடாவிட்டால் அடுத்த 90-உம் போகும். அதற்குள் இருக்கும் சந்தா வாசிப்புக்கு, எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று எண்ணித்தான் காசு. சுயமாக வெளியிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், வாசிக்காமல் டிக் அடிக்காதீர்கள்.

புதுவரவு22
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஓர் இடத்தில் "தேர்வாகிவிட்டது, நீங்கள் மட்டும் அச்சுச் செலவில் பாதி கட்டினால் போதும்" என்கிறார்கள். இது நல்லதா?

பழையபேனா
ஓடுங்கள்.

கறார்_கண்மணி
இந்தத் திரியில் முதன்முறையாக அவரோடு ஒத்துப்போகிறேன். உங்கள் காசில்தான் புத்தகம் வர வேண்டும் என்றால் நேராக அச்சகத்துக்குப் போங்கள், உரிமையாவது மிஞ்சும். எழுதியவரிடம் பணம் வாங்கி லாபம் பார்க்கிறவருக்கு வாசகர் எதற்கு?

சும்மா_வாசகி
எனக்கு ஒப்பந்தம் எல்லாம் தெரியாது. வாரத்துக்கு மூன்று காதல் நாவல் வாசிப்பவள். எல்லாரும் சண்டை போடுகிறீர்கள், நாவல் எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாயகன் எந்தப் பக்கத்தில் வருகிறான்? எப்படி முடிகிறது?

நிலாமுற்றம்
41-ஆம் பக்கத்தில் வருகிறான். கடைசி அத்தியாயத்தில் விபத்தில் இறந்துவிடுகிறான்.

சும்மா_வாசகி
நாற்பது பக்கம் நான் யாரோடு குடித்தனம் பண்ணுவது? அதற்கப்புறம் வந்தவனையும் கொன்றுவிட்டீர்கள்!

மெய்ப்புக்காரர்
இத்தனை நேரம் சும்மா இருந்தேன். வாசகி தொட்ட இடம்தான் முக்கியம்.

காதல் வருகிற கதை எல்லாம் தொழிலில் காதல் நாவல் ஆகாது. 1980-இல் தொடங்கிய ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைப்பின் வரையறையில் இரண்டே நிபந்தனைகள்தான்: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். கல்யாணத்தில்தான் முடிய வேண்டும் என்று இல்லை. இருவரும் சேர்ந்திருக்கிறார்கள் என்ற தெம்போடு வாசகி மூடிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஹார்லெக்வின், மில்ஸ் அண்ட் பூன் போன்ற காதல் நாவல் பதிப்பகங்களில் சாகடித்து முடிக்கிற கதைக்கு வெளியீட்டு வரிசையே கிடையாது. அவர்களுடைய சில வரிசைகளுக்குச் சுமார் 50,000 சொற்கள்தான் கணக்கு. முகவர் இல்லாமல் நேரடியாக அனுப்புவதையும் ஏற்கிறார்கள். ஆனால் எந்த வரிசைக்கு என்று தெரிந்து அனுப்ப வேண்டும்.

உங்கள் நாவலை அப்படியே வைத்துக்கொள்ளலாம். காதலைப் பற்றிய பொது நாவல் என்று சொல்லி அனுப்புங்கள், அதற்கும் பதிப்பாளர் உண்டு. காதல் நாவல் என்று உறை போட்டு உள்ளே பிணத்தை வைத்தால் வாசகிக்குக் கோபம் வரத்தான் செய்யும். அது சரி, இவர்கள் முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?

நிலாமுற்றம்
கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "முடிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." மெய்ப்புப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

கறார்_கண்மணி
கடவுளே.

பழையபேனா
...இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அம்மா. மொத்த உரிமை கொடுக்கலாம் என்றேன், பேனாவையும் கொடுக்கச் சொல்லவில்லை. என் மூன்றாவது நாவலில் ஒரு கல்யாணக் காட்சியைச் சேர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு நான் வைத்த பெயரே வேறு.

மெய்ப்புக்காரர்
பெர்ன் என்ற சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கையில் 1928-இல் சேர்த்த ஒரு விதி உண்டு. உரிமையை விற்ற பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைத் திரித்தால் ஆட்சேபிக்கும் உரிமை எழுதியவருக்கு இருக்கிறது. ஆனால் அதை நம்பி வழக்குக்குப் போவதைவிட ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். "ஆசிரியரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கதையில் மாற்றம் செய்யக் கூடாது."

போடலாமா வேண்டாமா என்று இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். நடுவில் கேட்டுப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. முதல் வரைவை அவர்களே கடைசி வார்த்தையாக நினைப்பதில்லை. விற்பதற்குப் பதிலாக உரிமம் கொடுங்கள்: அச்சுப் புத்தகம் மட்டும், ஒரே மொழி, ஏழு வருஷம். ஒரு வருஷத்துக்குள் அச்சிடாவிட்டால் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். "புத்தகம் கிடைக்காமல் போனால் திரும்பும்" என்று எழுதினால் ஏமாறாதீர்கள். மின்னூல் ஒன்று எங்காவது கிடந்தால் போதும், அது என்றைக்கும் "கிடைக்கும்". வருஷத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் என்று எண்ணைப் போட்டுக் கேளுங்கள். புனைபெயரில் எழுதுவதானால் அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்றும் பாருங்கள். அடுத்த நாவலையும் எங்களுக்கே தர வேண்டும் என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், யாரும் களைத்துப்போய் வாசிக்கிற இடத்தில் இருக்கும்.

அப்புறம், முதல் சந்திப்பை இங்கே போடுங்கள். பார்க்கலாம்.

நிலாமுற்றம்
போடுகிறேன், திட்டாதீர்கள்.

"அவன் கண்களில் ஆயிரம் கடல்கள் தெரிந்தன. அவள் இதயம் படபடத்தது. இவன்தான், இவனேதான் என்று உள்ளம் கூவியது. அவன் ஒன்றும் பேசாமல் குடையை நீட்டினான். அதன் கைப்பிடி இன்னும் சூடாக இருந்தது."

சும்மா_வாசகி
ஆயிரம் கடலை எல்லா நாவலிலும் பார்த்தாகிவிட்டது. அந்தக் கைப்பிடிக்கு எனக்கு மேல் சிலிர்த்தது.

மெய்ப்புக்காரர்
முதல் மூன்று வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். குடையிலிருந்து தொடங்குங்கள். அவள் இதயம் என்ன செய்தது என்பதை அந்தச் சூடே சொல்லிவிடுகிறது.

தனிவழி
நானும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கேடிபியில் போட்டிருந்தால்...

கறார்_கண்மணி
தம்பி, கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

நிலாமுற்றம் (ஒன்பதாவது நாள்)
எழுதிக் கேட்டேன். கை நடுங்கிக்கொண்டே அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை, கெட்டது காரியம் என்று நினைத்தேன். நேற்று வந்தது. அச்சுப் புத்தகம் மட்டும், ஏழு வருஷம், பதினெட்டு மாதத்துக்குள் வெளியீடு. ஒத்துக்கொண்டார்கள். தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். முடிவை மாற்றுவதானால் நானே மாற்றித் தர வேண்டும், அல்லது இந்த வரிசையில் போட முடியாது என்கிறார்கள்.

பழையபேனா
மூன்றில் ஒரு பங்கு போயிற்று பார்த்தீர்களா. நான் சொன்னால் யார் கேட்கிறீர்கள்.

கறார்_கண்மணி
ஒலிநூல் இவரிடமே இருக்கிறது சார். பதினோரு வருஷம் கழித்துப் பேசுவோம்.

சும்மா_வாசகி
அதெல்லாம் இருக்கட்டும். அவனைக் கொன்றீர்களா, இல்லையா?

நிலாமுற்றம்
இன்று ராத்திரி வரைக்கும் உயிரோடு இருக்கிறான் அக்கா. கடைசி அத்தியாயத்தை இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்குத்தான் கடைசி நாள். அந்த முதல் நாற்பது பக்கத்தை மட்டும் எட்டாக்கிவிட்டேன்.