ஜாவா மலைக்கிராமத்தில் நிலம்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் மனைவியின் ஊர் இந்தோனேசியாவின் நடு ஜாவாவில், வொனொசோபோ பக்கம் ஒரு மலைக்கிராமம். உருளைக்கிழங்கு, புகையிலை, எப்போது பார்த்தாலும் மூடுபனி. அங்கேயே குடியேற ஆசை.

1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்னும் முழு உரிமை வெளிநாட்டவனான எனக்குக் கிடையாது. அவரவர் சொத்து அவரவருக்கே என்னும் சொத்துப் பிரிவினை ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன் நாங்கள் எழுதாததால், மனைவி வாங்கினாலும் அது இருவருக்கும் பொதுவாகிவிடும்; அதனால் அவருக்கும் சிக்கல். மைத்துனர் பெயரில் வாங்கச் சொல்கிறார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் நிலம் என்று வந்துவிட்டால்?

2016இல் வந்த அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், திருமணமான பிறகும் அந்த ஒப்பந்தம் எழுதலாம். நோட்டரியிடம் அப்படி எழுதியவர்கள் உண்டா? எவ்வளவு செலவானது?

இன்னொன்று: விற்பவரிடம் நிலச் சான்றிதழ் இல்லை, கிராம அலுவலகப் பதிவேட்டின் நகல் மட்டுமே. அதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?